முடிக்காதவர்கள்

மகனே,

நேற்று நீ அனுப்பிய உன் மேடைப் பேச்சு வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். கோட்டு உனக்கு நன்றாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை அதிகம் வராது. பேச்சின் நடுவில் நீ ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாய்: எங்கள் வி.ஆர். பயிற்சியை முடித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அது பிடித்திருந்தது என்று. அரங்கம் கைதட்டியது. நான் அங்கேயே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டேன். முடித்தவர்கள் என்ற சொல்லை எவ்வளவு லேசாகப் போட்டுவிட்டுப் போகிறாய்! முடிக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். இன்னொருத்தி நான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்கிறாய், இல்லாவிட்டால் கத்துகிறாய். சர்ஜாபூர் ரோட்டில் இருக்கும் உன் ஃபிளாட்டுக்கு நான் வந்தாலும் இதுதான் நடக்கும். அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது.

உனக்கும் எனக்கும் உடம்பு ஒரே மாதிரி இல்லை என்பது உன் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். வேளாங்கண்ணிக்கு நாம் பஸ்ஸில் போவோமே, ஒசூர் தாண்டுவதற்குள் எனக்குக் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். நீயோ கடைசி சீட்டில், தூக்கித் தூக்கிப் போடும் இடத்தில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டு வருவாய். பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏழு தடவை சுற்றிவிட்டு எட்டாவது தடவைக்கு அழுதாய். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததற்கே தலை சுற்றி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "இவன் உன் வயித்துல பொறந்தவன்தானா?" என்று உன் அப்பா கேலி செய்வார். அவர் இருந்தவரை இது நம் வீட்டு நகைச்சுவை. பிறகு நீ இதையே தொழிலாக்கிக்கொண்டாய். உன் காதும் கண்ணும் தாங்குகிறதையெல்லாம் ஊரில் எல்லோருடைய காதும் கண்ணும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டாய்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிறு மதியம், அந்த வி.ஆர். கண்ணாடியை, முகத்தை மூடிக் கண்ணுக்குள் வேறொரு உலகத்தைக் காட்டும் அந்தப் பெட்டியை, முதல் முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "அம்மா, நீதான் என் ஃபர்ஸ்ட் யூசர்" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. என் கொண்டைக்கு மேல் பட்டை உட்காரவில்லை என்று கொண்டையை அவிழ்க்கச் சொன்னாய். மூக்குக்கண்ணாடியோடு அது முகத்தில் ஏறவில்லை என்று அதையும் கழற்றிவிட்டாய். உள்ளே எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு பொத்தானை அழுத்தினாய். நான் ஒரு தொழிற்சாலைக்குள் நகர ஆரம்பித்தேன். என் கால் நம் வீட்டு சிமெண்டுத் தரையில் நின்றது. என் கண் மட்டும் நடந்தது. ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கழற்றியதும் நேராகப் பின்னால் போய், உனக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மதியம் தின்றதையெல்லாம் கக்கினேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது நீ ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"எப்டிம்மா இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சுடா."

"தல சுத்தல், கொமட்டல் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நீ டிக் அடித்தாய். பிறகு நிமிர்ந்து பார்த்து, "முகம் ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்றாய். மத்தி மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நம்பினாய். சாயங்காலம் வரை நான் படுத்துக் கிடந்தேன். நீ எனக்கு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் படிவத்தோடு கிளம்பிவிட்டாய்.

அதோடு விட்டேனா? உனக்கு இன்னும் ஆள் வேண்டும் என்றதும் கோயில் பெண்கள் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேரை நம் சர்ச்சுப் பங்கு மண்டபத்துக்குக் கூட்டிவந்தவளும் நான்தான். பிலோமினா ஆன்ட்டி கழற்றிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். நான் அவள் காதில், "என் புள்ள வேலடி, நல்லா இருக்குன்னு சொல்லிடு" என்றேன். நல்லா இருக்கு என்று சொன்னாள். வயதான பெண்கள்கூட சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நீ போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மண்டபத்துக் கணக்கை வைத்துத்தான். அது பொய்க் கணக்கு. நான் செய்த பொய்.

இப்போது பத்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில், சுவிட்ச் பலகை பூட்டும் என் லைனில், பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவள். கோலார் தங்கவயல்காரி, அவள் அப்பா சுரங்கத்தில் இறங்கினவர். தினமும் விடியும் முன்பே அங்கே உரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தொழிற்சாலைக்கு வொயிட்ஃபீல்டில் இறங்குவாள். ஆள் குள்ளம். முகம் சின்னது. சிவாஜிநகரில் எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் குழந்தைகள் ஃப்ரேம்தான் அவளுக்குப் பொருந்தும். கண்கள் இரண்டும் அவ்வளவு கிட்டக் கிட்ட. ரயிலில் இன்ஜினுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். "திரும்பி உக்காந்தா பங்காருப்பேட்ட வர்றதுக்குள்ள எல்லாம் வெளிய வந்துரும்க்கா" என்பாள். ஆனால் தைரியம் என்றால் அவள்தான். ஒரு தடவை வயர் ஸ்டோரில் தீப்பிடித்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். நானும் ஓடினேன், அதையும் தெரிந்துகொள். பத்மா மட்டும் திரும்பிப் போய் மெயினை இறக்கி, மணல் வாளியைத் தூக்கிக் கொட்டி அணைத்தாள். அந்தத் தழும்பு இன்னும் அவள் வலது முழங்கைக்குக் கீழே இருக்கிறது.

போன வருடம் எங்கள் நிர்வாகம் உன் கம்பெனியின் பயிற்சியை வாங்கியது. லைனில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதில் தேறினால்தான் லைனில் நிற்கலாம் என்றார்கள். என் மகன் செய்தது என்று நான் சாக்லேட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். என்னை மட்டும், சூப்பர்வைசர் என்பதாலும் உன் அம்மா என்பதாலும், போட்டுப் பார்க்காமலே தேறியதாக எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பேன்? எனக்குத்தான் அது என்ன செய்யும் என்று தெரியுமே.

பத்மாவின் முறை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பெட்டி அவள் முகத்தில் ஆடியது. உள்ளே தொழிற்சாலை தீப்பற்றி எரியுமாம். தீயணைப்பானைத் தேடி எடுத்து அடித்துவிட்டு, சரியான கதவு வழியாக வெளியே வர வேண்டுமாம். கையில் இரண்டு பிடிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பொத்தான்கள். நம் வீட்டில் உனக்குப் பத்து வயதில் வீடியோ கேம் வந்தது. பத்மாவின் கையில் அப்படி ஒரு பொருள் இருந்ததே இல்லை.

"அக்கா, ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"அட்ஜஸ்ட் ஆயிடும், நட நட" என்றார் சேஃப்டி மேனேஜர்.

"எப்டி சார் நடக்கறது, நான் நின்னுக்கினு இருக்கேன், அது போயிக்கினே கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் அவள் அந்தப் பெட்டிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். கன்னத்திலும் கழுத்திலும் வழிந்தது. சிரிப்பு இன்னும் அதிகமானது. இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துணியை எடுத்து அவள் கையில் கொடுத்து, "மொதல்ல மெஷினத் தொடச்சிடு பத்மா, வெல அதிகம்" என்றேன். மெஷினை. அவள் முகத்தை அல்ல. அவள் கண்ணாடி இல்லாத கண்களால் என்னைத் தேடிப் பார்த்துவிட்டுத் துடைத்தாள். இதை எழுதும்போது என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். மறுபடியும் அதேதான். உன் மெஷின் அவளைப் பற்றி ஒரு அறிக்கை தந்தது: ஆபத்து நேரத்தில் தடுமாறுபவர், முடிவெடுக்கும் வேகம் குறைவு. கையில் தீத்தழும்போடு நிற்கிறவளைப் பற்றி! லைனிலிருந்து எடுத்து அவளைக் கேன்டீன் துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா?

"அம்மா, அது எட்ஜ் கேஸ், எங்கயோ ஒருத்தருக்கு வர்றது. ரெண்டு நாள் போட்டுப் பழகினா சரியாயிடும்."

"சில பேருக்குப் பழகவே பழகாதுடா. பஸ்ஸு ஏறி முப்பது வருஷமாச்சு, எனக்குப் பழகிச்சா?"

"அந்த நாலு பேருக்காக எல்லாத்தையும் மாத்த முடியாதும்மா."

"பாதியில கழட்டிட்டுப் போறவங்கள என்ன செய்வீங்க?"

"டேட்டாலருந்து எடுத்துடுவோம். அது நாய்ஸ்."

"நாய்ஸ்னா?"

"இரைச்சல்மா. கணக்குல சேராது." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ஒன் வயசுல ஒனக்கே ஒண்ணும் ஆகல. நான் எல்லா டெமோலயும் எங்கம்மா கதையத்தான் சொல்றேன்."

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். நீ முன்னுக்கு வந்துகொண்டிருந்தாய். என் பொய்யின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தாய் என்று எப்படிச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர், "புள்ள மேல பாசத்துல சொன்ன சின்னப் பொய்தானம்மா" என்று மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். எனக்கு அந்த மன்னிப்பே அருவருப்பாக இருந்தது. அவர் பத்மாவைப் பார்த்ததில்லை. நான் பார்த்துக்கொண்டே ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் மேசை துடைக்கும் நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டேன்.

போன மாதம் வேறு கிளைகளிலிருந்து பெரிய ஆட்கள் பயிற்சியைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் முகத்தில் போட்டதை இன்னொருவர் போடுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துடைக்கிறது ஹவுஸ்கீப்பிங் வேலை என்று பத்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டார்கள். பத்துப் பேருடைய வியர்வையும் தலை எண்ணெயும் ஊறிய அந்த மெத்தைப் பட்டையை அவள் துடைத்தாள். ஒவ்வொரு தடவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகும்போதும் அவளுக்கு ஓங்கரித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு துடைத்தாள். விருந்தாளிகளில் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்து, "வேற ஆள் இல்லையா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் போய், "நான் போடறேன், குடு" என்றேன்.

கொண்டையை அவிழ்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். பெட்டிக்குள் தீ எரிந்தது. எல்லாம் அன்று போலவே இரண்டு இரண்டாக. என் கால் நின்றது, கண் போனது. இந்த முறை நான் பல்லைக் கடிக்கவில்லை. வந்ததை வரவிட்டேன். அத்தனை பேர் முன்னால், பளபளத்த தரையில். சேஃப்டி மேனேஜர் கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார், "ஏனு மேடம் இது, கெஸ்ட் முந்தே!" என்று, விருந்தாளிகள் முன்னால் இப்படியா என்று. நான் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இதச் செஞ்சவன் எம் புள்ள. மொத மொதல்ல போட்டுப் பாத்தவ நான். அன்னிக்கும் இதேதான் ஆச்சு. மறைச்சிட்டேன். நானும் இதுல ஃபெயிலுதான், எழுதிக்குங்க."

பத்மா கையிலிருந்த துணியை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே தொடைங்கக்கா."

மண்டியிட்டுத் துடைத்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். நான் எழுந்ததும் தணிந்த குரலில், "மொத நாளே ஒனக்கும் தெரியும். இல்லக்கா?" என்றாள். தலையாட்டினேன். "தெரிஞ்சிக்கினேவா அன்னிக்கு என்னத் தொடைக்கச் சொன்ன?" அத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

விருந்தாளிகள் முன்னால் மானம் போனதாலோ என்னவோ, நிர்வாகம் இறங்கிவந்தது. வி.ஆர். கண்ணாடியில் தேறாதவர்களுக்குப் பின்கட்டு முற்றத்தில் தகரத் தட்டில் நிஜத் தீ மூட்டி, நிஜத் தீயணைப்பானைக் கையில் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. போய்ச் செய்தோம். எல்லோரும் தேறினோம். உன் மெஷின் தடுமாறுகிறவர்கள் என்று சொன்ன அத்தனை பேரும். நான்கூட இந்த முறை ஓடாமல் நின்று அணைத்தேன். பத்மா மட்டும் வரவில்லை. "பத்தொம்போது வருஷம் கழிச்சி நான் இன்னாத்துக்கு நிரூபிக்கணும்?" என்று ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்டுவிட்டு, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த முதல் நாளிலேயே வாயைத் திறந்திருந்தால் அவள் இன்று என் லைனில் இருப்பாள். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே விஷயம் உன் காதுக்கு வந்து நீ போன் செய்தாய். "எம் மானத்த வாங்கிட்டியேம்மா" என்றாய். பிறகு கேட்டாய்: "ஃபிரெண்டக் காப்பாத்தறதுக்காக இப்டிப் பொய் சொல்லுவியா? அன்னிக்கு நான் ஒம் பக்கத்துலதான இருந்தேன்? ஒனக்கு ஒண்ணும் ஆகலயே!" ஐந்து வருடம் முன்பு நான் சொன்ன பொய்யை உடனே நம்பினாய். இன்று உண்மையைச் சொன்னால் நம்ப மறுக்கிறாய். ஏன் தெரியுமா? பொய் உனக்கு வசதியாக இருந்தது. நேற்றைய வீடியோவிலும் அந்த வசதியைத்தான் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் மேடையேறி 'முடித்தவர்கள்' என்றாயே! நான் பெற்ற பிள்ளை புளிப்பேறிய சோற்றைக் கழுவித் தாளித்துப் பந்தியில் வைக்கிறான் என்று தோன்றியது.

நான் தொழில் தெரியாதவள்தான். ஆனாலும் ஒரு தாயாகச் சொல்கிறேன். இனிமேல் உன் மெஷினை யாருக்காவது மாட்டினால், எப்படி இருந்தது என்று நீ கேட்காதே. உன்னைத் தெரியாத ஒருவரை விட்டுக் கேள். பிரியம் வைத்தவர்கள் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். குழந்தை ஃப்ரேம் போடுகிறவள், ஒரு கண்ணில் பார்வை குறைந்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிறவள், பொத்தானை அழுத்திப் பழகாதவள், பஸ்ஸில் எலுமிச்சம்பழம் முகர்கிறவள் என்று உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்களை இரைச்சல் என்று தள்ளிவிட்டு மிச்சமிருக்கிறவர்களிடம் கைதட்டல் வாங்குவது கெட்டிக்காரத்தனம் இல்லை. ஒருவருக்குக் குமட்டுகிறது என்பதை அவருடைய திறமைக் குறைவு என்று எழுதுகிற மெஷின் எனக்குப் பார்க்கவே கூசுகிறது. அதை எழுதச் சொல்லிக்கொடுத்தது நீ.

உனக்கு விமான நிலையத்துக்கு மாலையோடு ஆட்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வருவதும் வராததும் சனிக்கிழமையைப் பொறுத்தது. பத்மா வீட்டு விலாசத்தை லைனில் ஒரு பெண்ணிடம் வாங்கிவிட்டேன். உரிகத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாளாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாளாம். அன்று காலை நான் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் காத்திருப்பேன். காரில் வராதே, ரயிலில் போவோம். கையில் பழம், பரிசு, ஒன்றும் வேண்டாம். உன் மெஷினைப் பற்றி விளக்கவும் வேண்டாம். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள், கடைசிவரை கேள். அவள் கதவைத் திறப்பாள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். திறக்காவிட்டால், கடைசி வண்டி வரைக்கும் நாம் இரண்டு பேரும் வாசலிலேயே நிற்போம்.

உன் மேல் கோபம் தீராத, ஆனால் உன்னை விட்டுவிடாத,
அம்மா